கூகுள் டாக்ஸ், கேன்வா, ஓவர்லீஃப்: ரெஸ்யூமே செய்ய எது நல்லது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பத்தில் எட்டுப் பேருக்கு கூகுள் டாக்ஸ் போதும், அதிலும் டெம்ப்ளேட் எதையும் தொடாமல் வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. சாஃப்ட்வேர் வேலைக்குப் போகிறவர்கள், புரோகிராம் எழுதிப் பழகியவர்கள், கட்டளைகளை எழுதி பிடிஎஃப் எடுக்கும் ஓவர்லீஃப் தளத்தை எடுத்துக்கொள்ளலாம். கேன்வாவை டிசைன் சார்ந்த வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மூன்றிலிருந்தும் வெளிவரும் பிடிஎஃப் ஒன்றுபோல இருப்பதில்லை. அந்த வித்தியாசம் திரையில் பார்த்தால் தெரியாது.

ஒரு ரெஸ்யூமேயை முதலில் திறப்பது பெரும்பாலும் மனிதர் இல்லை. வேலை தேடும் தளமான நௌக்ரியில் ஏற்றினாலும் சரி, வொர்க்டே, ஜோஹோ ரெக்ரூட் போன்ற, விண்ணப்பங்களைக் கையாளும் மென்பொருள் (சுருக்கமாக ஏடிஎஸ்) வைத்திருக்கும் கம்பெனிக்கு அனுப்பினாலும் சரி, அந்த மென்பொருள் ஃபைலிலிருந்து எழுத்துகளை மட்டும் உருவி எடுக்கும். பெயர், போன் நம்பர், கம்பெனி, பதவி, எத்தனை ஆண்டு என்று தனித்தனிக் கட்டங்களில் போட்டுவைக்கும். எச்.ஆர். தேடுவது அந்தக் கட்டங்களில்தான். தேடலில் வந்த பிறகுதான் நம் ஃபைலைத் திறந்து கண்ணால் பார்க்கிறார்.

ஆகவே எந்தக் கருவியில் செய்தாலும் ஒரே சோதனைதான். பிடிஎஃப்பை கம்ப்யூட்டரில் திறந்து, கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-சி அழுத்தி, நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். பெயர் முதல் வரியில் வருகிறதா, ஒவ்வொரு கம்பெனிக்கும் கீழே அதற்குரிய வேலை விவரம்தான் இருக்கிறதா, தேதி அந்தந்த வேலையோடு ஒட்டி நிற்கிறதா, எழுத்து எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று மேலிருந்து கீழே படியுங்கள். எதுவுமே பேஸ்ட் ஆகவில்லை என்றால் அந்த ஃபைல் வெறும் படம். மென்பொருளுக்கு அது காலிப் பக்கம். ஆன்லைனில் 'ஏடிஎஸ் ஸ்கோர்' போட்டுத் தரும் தளங்களை இதற்கு நம்ப வேண்டாம். ஒரே ரெஸ்யூமேக்கு ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு மார்க் போடும். எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான மார்க் என்று ஒன்று கிடையாது.

இன்னொன்று: மென்பொருளே முடிவெடுத்து ரெஸ்யூமேயைக் குப்பையில் போட்டுவிடுகிறது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. தானாக வெளியே தள்ளப்படுவது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் கேள்விகளால்தான். எத்தனை ஆண்டு அனுபவம், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், இந்த ஊருக்கு வரத் தயாரா என்பவை அவை. ரெஸ்யூமே சரியாக உருவப்படாவிட்டால் நடப்பது வேறு. நிராகரிப்பே நடக்காது; தேடலில் நாம் வரவே மாட்டோம். நோட்பேட் சோதனை தேவைப்படுவது அதனால்தான்.

கேன்வா

பார்க்க மூன்றிலும் இதுதான் அழகு. போனிலேயே முழு வேலையையும் முடிக்கலாம், டெம்ப்ளேட்டுகளுக்குக் குறைவில்லை, வண்ணம் மாற்ற ஒரு தட்டு போதும். சிக்கல் தொடங்குவதும் அந்த டெம்ப்ளேட்டுகளில்தான். பெரும்பாலானவை இரண்டு பத்தி அமைப்பு: இடப்பக்கம் போட்டோ, போன், ஸ்கில்ஸ், வலப்பக்கம் அனுபவம், படிப்பு. கேன்வாவில் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துப் பெட்டி. பிடிஎஃப் ஆகும்போது அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் அடுக்கின் வரிசைப்படியே உள்ளே பதிகின்றன. கண்ணுக்குத் தெரியும் வரிசை அங்கே கணக்கில்லை. நோட்பேடில் பேஸ்ட் செய்தால், 'சீனியர் அக்கவுன்டன்ட்' என்ற பதவிக்கு அடுத்த வரியில் போன் நம்பர், அதற்கடுத்து பிளஸ் டூ மார்க், பிறகு கம்பெனி பெயர் என்று கலைந்துகிடப்பதைப் பார்க்கலாம்.

தலைப்புகளில் இன்னொரு தொல்லை. அழகுக்காக எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டியிருப்பார்கள். சில ஃபைல்களில் அந்தத் தலைப்பு உருவப்படும்போது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும். அனுபவம் எங்கே தொடங்குகிறது, படிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை மென்பொருள் தலைப்பு வார்த்தையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. அது உடைந்துபோனால் கீழே உள்ள எல்லாமே தவறான கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஸ்கில் பார் என்று ஒரு பட்டை வரும்: எக்செல் முக்கால் நிறம், இங்கிலீஷ் பாதி நிறம். மென்பொருளுக்கு அது வெறும் படம். மனிதருக்கும் அதில் அர்த்தம் இல்லை, முக்கால் எக்செல் என்றால் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அந்த இடத்தில் 'பிவட் டேபிள், எக்ஸ்லுக்கப், பவர் கொயரி' என்று எழுதினால் இரண்டு பேருக்கும் புரியும். போன், மெயில் ஐகான்களும் அப்படியே. ஐகானை எடுத்துவிட்டு நம்பரையும் மெயிலையும் நேரடியாகப் போட்டாலே போதும்.

கேன்வாவை விட மனம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரே பத்தி உள்ள டெம்ப்ளேட்டைத் தேடி எடுங்கள். தலைப்புகளின் எழுத்து இடைவெளியை பூஜ்யமாக்குங்கள். பட்டை, ஐகான், போட்டோ மூன்றையும் நீக்குங்கள். லேயர்ஸ் பகுதியைத் திறந்து பெட்டிகளைப் படிக்கும் வரிசையில் அடுக்குங்கள். டவுன்லோடு செய்யும்போது 'பிடிஎஃப் ஸ்டாண்டர்ட்' போதும். 'ஃப்ளாட்டன்' என்ற டிக்கை மட்டும் போடவே கூடாது, அது முழுப் பக்கத்தையும் படமாக்கிவிடும். இவ்வளவும் செய்து முடித்தால் கையில் இருப்பது கூகுள் டாக்ஸில் கால் மணி நேரத்தில் செய்திருக்கக்கூடிய ஒரு பக்கம்தான். கிராஃபிக் டிசைனர், சோஷியல் மீடியா வேலை, வாக்-இன் இன்டர்வியூவில் கையில் கொடுக்கும் பிரின்ட் இவற்றுக்கு கேன்வா நன்றாகவே பொருந்தும். அந்த வேலைகளில் பக்கத்தின் தோற்றமே ஒரு சான்று.

கூகுள் டாக்ஸ்

இதிலேயே ரெஸ்யூமே டெம்ப்ளேட்டுகள் உண்டு: ஸ்விஸ், செரிஃப், கோரல், ஸ்பியர்மின்ட், மாடர்ன் ரைட்டர். கோரலும் ஸ்பியர்மின்ட்டும் மேலிருந்து கீழே நேராகப் போகின்றன, பெரிய சிக்கல் இல்லை. செரிஃபில் ஸ்கில்ஸ், அவார்ட்ஸ், லேங்குவேஜஸ் எல்லாம் வலப்பக்கப் பத்தியில் உட்காரும். அந்தப் பத்தியைப் பிரித்து நிறுத்துவது கண்ணுக்குத் தெரியாத ஒரு டேபிள், உருவும்போது வரிசை கலையலாம். ஸ்விஸில் ஒவ்வொரு தலைப்புக்கும் மேல் ஒரு சிறு கோடு இருக்கும். அது கோடு இல்லை, கோடு போலத் தெரியும் ஒரு கொரிய எழுத்து. நோட்பேடில் போட்டால் தலைப்புக்குத் தலைப்பு அதுவும் கூடவே வரும். பெரிய கேடு ஒன்றும் இல்லை என்றாலும் அழித்துவிடுவது நல்லது.

வெற்றுப் பக்கத்தில் செய்வதற்கு ஆகும் வேலை குறைவு. முதலில் ஃபைல் மெனுவில் பேஜ் செட்டப் போய் தாள் ஏ4 என்று மாற்றுங்கள். பலருடைய கணக்கில் அமெரிக்க லெட்டர் அளவே இருக்கும். அது ஏ4-ஐ விட அகலம் கூடுதல், உயரம் குறைவு. நம் ஊர் ஆபீஸ் பிரின்டரில் போட்டால் ஓரம் தாறுமாறாகும். நான்கு பக்கமும் மார்ஜின் 2.54 செ.மீ. இருக்கும், அதை 1.9 ஆக்கினால் ஒரு பக்கத்தில் தாராளமாக அடங்கும். அதற்குக் கீழே போனால் நெரிசலாகத் தெரியும். எழுத்து ஏரியல் அல்லது கலிப்ரி, உடல் பகுதி 10.5 அல்லது 11, பெயர் 18, தலைப்புகள் 12 போல்டு. தலைப்புகளுக்கு அடியில் ஒரு மெல்லிய கோடு வேண்டுமென்றால் பாராகிராஃப் பார்டரில் கொடுங்கள். கோட்டை வரைந்து ஒட்ட வேண்டாம்.

தேதியை வலது ஓரத்தில் நிறுத்துவதில்தான் அநேகர் சறுக்குகிறார்கள். ஸ்பேஸ் பாரை இருபது முறை தட்டி நகர்த்துவார்கள். அந்த ஃபைல் வேறொரு கம்ப்யூட்டரில் வேர்டில் திறந்ததும் தேதிகள் படிக்கட்டு போல இறங்கும். மேலே உள்ள ரூலரில் வலது முனையில் கிளிக் செய்தால் 'ரைட் டேப் ஸ்டாப்' சேர்க்கச் சொல்லும். அதைப் போட்டுவிட்டு, பதவிக்குப் பின் ஒரே ஒரு டேப் தட்டினால் தேதி ஓரத்தில் போய் நேராக நிற்கும். நோட்பேடில் போட்டாலும் பதவியும் தேதியும் ஒரே வரியில் வரும்.

பெயர், போன், மெயில் மூன்றையும் பக்கத்தின் ஹெடர் பகுதிக்குள் போடாதீர்கள். உருவும் மென்பொருள்களில் சில, ஹெடரையும் ஃபூட்டரையும் தொடுவதே இல்லை. ரெஸ்யூமே போய்ச் சேர்ந்தும் போன் நம்பர் கட்டம் காலியாகக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பக்கத்தின் உடலிலேயே முதல் இரண்டு வரியில் எழுதுங்கள். மைக்ரோசாஃப்ட் வேர்டுக்கும் இது எல்லாமே பொருந்தும். வேர்டு டெம்ப்ளேட்டுகளில் டெக்ஸ்ட் பாக்ஸ் அதிகம் என்பது மட்டும் கூடுதல் எச்சரிக்கை.

கூகுள் டாக்ஸின் பலவீனம் எழுத்துரு. அதில் கிடைக்கும் பல எழுத்துருக்கள் விண்டோஸில் கிடையாது. அந்த ஃபைலை வேர்டு வடிவத்தில் அனுப்பினால், திறக்கும் இடத்தில் வேறொரு எழுத்துரு வந்து உட்கார்ந்து, ஒரு பக்கம் ஒன்றேகால் பக்கமாகும். ஏரியலில் இந்தத் தொல்லை இல்லை. பிடிஎஃப் அனுப்பினால் எந்த எழுத்துருவிலும் இல்லை.

ஓவர்லீஃப்

லாடெக் மொழியில் எழுதி பிடிஎஃப் எடுக்கும் தளம். எஞ்சினியரிங் காலேஜ்களில் பெரும் புழக்கத்தில் இருக்கும் 'ஜேக்ஸ் ரெஸ்யூமே' என்ற டெம்ப்ளேட் இதில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே பத்தி, கறுப்பு வெள்ளை, தேதிகள் வலது ஓரம், ஒரு பக்கத்தில் ஏராளமாக அடங்கும். பிளேஸ்மென்ட் ரெஸ்யூமேக்கு நல்ல தேர்வு.

இதில் முதலில் மாற்ற வேண்டியதும் தாள் அளவுதான். முதல் வரிகளிலேயே 'லெட்டர்பேப்பர்' என்று இருக்கும். அதை 'ஏ4பேப்பர்' ஆக்குங்கள். அடுத்தது ஒட்டெழுத்து. ஆங்கிலத்தில் எஃப், ஐ என்ற இரண்டு எழுத்தும் அடுத்தடுத்து வந்தால் லாடெக் அவற்றை ஒன்றாக ஒட்டி அச்சிடும். பழைய டெம்ப்ளேட்டுகளில் சர்டிஃபிகேட், குவாலிஃபிகேஷன், ஆஃபீஸ் போன்ற வார்த்தைகளை காப்பி செய்தால் அந்த இடம் ஓட்டையாகவே வரலாம். ஜேக்ஸ் டெம்ப்ளேட்டில் எழுத்துகளை யுனிகோடாகப் பதியச் சொல்லும் கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. எதையோ சரிசெய்கிறேன் என்று அந்த வரியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

சதவீதக் குறிதான் இதில் பெரிய பொறி. லாடெக்கில் அந்தக் குறிக்குப் பிறகு வரிமுடிவு வரை உள்ளதெல்லாம் குறிப்பாகக் கருதப்பட்டு அச்சில் வராது. 'லோடிங் நேரத்தை 40% குறைத்தேன்' என்று எழுதினால் '40'-உடன் வாக்கியம் நின்றுவிடும். எரரும் காட்டாமல் போகலாம். பிடிஎஃப்பை வார்த்தை வார்த்தையாகப் படித்தால்தான் பிடிபடும். குறிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டால் சரியாகும். ஆம்பர்சேண்ட், ஹேஷ், அண்டர்ஸ்கோர் மூன்றுக்கும் அதே மருந்து. சி ஷார்ப் தெரிந்தவர்களும் மெயில் முகவரியில் அண்டர்ஸ்கோர் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். போனில் திருத்துவது சிரமம், நெட் இல்லாமல் வேலை நடக்காது. கணக்கு, நர்சிங், உற்பத்தித் துறைக்காரர்கள் இதற்காக லாடெக் கற்க வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை.

கருவி எழுதித் தராத பகுதி

மூன்று கருவிகளுமே காலிக் கட்டம்தான் கொடுக்கின்றன. உள்ளே எழுதுவதில்தான் ஒரு ரெஸ்யூமே மற்ற இருநூறிலிருந்து பிரிகிறது. அக்கவுன்ட்ஸ் வேலைக்கு வரும் ரெஸ்யூமேக்களில் திரும்பத் திரும்ப இருப்பது இதுதான்: 'தினசரி கணக்குகளைப் பார்த்துக்கொண்டேன். டேலி நன்றாகத் தெரியும். ஜிஎஸ்டி அனுபவம் உண்டு.' பொய் ஒன்றும் இல்லை, ஆனால் ஆறு மாதம் வேலை பார்த்தவரும் ஆறு ஆண்டு பார்த்தவரும் இதையே எழுத முடியும். அதே ஆளின் அதே வேலையை இப்படி எழுதிப் பாருங்கள்: 'டேலி பிரைமில் மாதம் சுமார் 400 பர்ச்சேஸ், சேல்ஸ் பில் என்ட்ரி. ஜிஎஸ்டிஆர்-1, 3பி டேட்டாவை முறையே 11, 20-ம் தேதிக்கு முன் தயார் செய்து ஆடிட்டருக்கு அனுப்புதல். 2பி-யையும் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் மாதாமாதம் ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்கு சப்ளையரைத் தொடர்புகொள்ளுதல். 3 வங்கிக் கணக்குகளுக்கு ரீகன்சிலியேஷன்.' அக்கவுன்ட்ஸ் மேனேஜர் இந்த நான்கு வரியைப் படித்ததும் திங்கட்கிழமை இவருக்கு எந்த வேலையைக் கொடுக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். தேடலிலும் 'டேலி பிரைம்', '2பி', 'ரீகன்சிலியேஷன்' என்று எச்.ஆர். தட்டும் வார்த்தைகள் இயல்பாகவே உள்ளே இருக்கின்றன.

எண்ணை இட்டுக்கட்ட வேண்டாம். '30 சதவீதம் திறனை உயர்த்தினேன்' என்று எழுதியவரிடம் இன்டர்வியூவில் முதலில் கேட்பது 'எப்படி அளந்தீர்கள்?' என்பதைத்தான். சதவீதம் இல்லாவிட்டால் அளவு போதும்: எத்தனை பில், எத்தனை பெட் உள்ள வார்டு, எத்தனை மெஷின், எத்தனை பேர் கொண்ட டீம். வெள்ளை நிறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கீவேர்டுகளைத் திணிக்கும் தந்திரமும் வேண்டாம். உருவி எடுத்த பிரதியில் அத்தனையும் கறுப்பாகத் தெரியும்.

மேலே பெயர், போன், மெயில், ஊர், லிங்க்டின் முகவரி. வேலையில் இருப்பவர்கள் நோட்டீஸ் பீரியடையும் அங்கேயே போடலாம், எச்.ஆர். போன் செய்து முதலில் கேட்பதே அதைத்தான். அப்பா பெயர், மதம், திருமண நிலை, ஆதார், பான் நம்பர் எதுவும் வேண்டாம். ஆதாரையும் பானையும் யார் கைக்கும் போகும் ஒரு ஃபைலில் எழுதுவது ஆபத்து. கடைசியில் வரும் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற அறிவிப்பு, கையெழுத்து, இடம், தேதி நான்கு வரியும் வீண். யாரும் அதைக் கேட்பதில்லை. வளைகுடா நாட்டு வேலைகளுக்கு வழக்கம் வேறு. அங்கே போட்டோ, குடியுரிமை, பாஸ்போர்ட் எதுவரை செல்லும், விசா நிலை எல்லாம் கேட்பார்கள், தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரெஷர்களுக்கு ஒரு பக்கம்தான். பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றின் சதவீதமும் இருக்கட்டும், பல கம்பெனிகள் மூன்றிலும் குறைந்தபட்ச மார்க் கேட்கின்றன. ஸ்டேண்டிங் அரியர் இல்லை என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லலாம். நாலைந்து ஆண்டு அனுபவம் வந்ததும் பள்ளி மார்க்குகளை எடுத்துவிட்டு அந்த இடத்தை வேலைக்குக் கொடுங்கள்.

நெட் சென்டரும் ஏஐ-யும்

தெருமுனை நெட் சென்டரில் செய்துகொடுக்கும் பயோடேட்டா டைப் செய்யத் தெரியாதவர்களுக்கு உதவிதான். ஆனால் அங்கே எல்லோருக்கும் ஒரே ஃபைல். பெயரை மட்டும் மாற்றுவார்கள். முந்தையவரின் ஹாபியும் ஆப்ஜெக்டிவும் நம் ரெஸ்யூமேயில் தங்கிவிடுவதும் உண்டு. பிரின்ட்டோடு நிறுத்தாமல் வேர்டு ஃபைலையும் நம் மெயிலுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் போன் நம்பர் மாறும்போதெல்லாம் காசு. தமிழில் ஏதாவது சேர்ப்பதாக இருந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிகோடில் அடித்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் வெறுமனே 'அக்கவுன்டன்ட் ரெஸ்யூமே எழுது' என்றால் எல்லோருக்கும் வரும் அதே ஜம்ப வார்த்தைகள்தான் வரும். நாம் எழுதிய உண்மை வரிகளைக் கொடுத்து, இலக்கணத்தைத் திருத்து, சுருக்கு, புதிதாக எதையும் சேர்க்காதே என்று கேட்பதில் பலன் இருக்கிறது. அதற்குப் பிறகும் நமக்குத் தெரியாத ஒரு மென்பொருள் பெயரை ஸ்கில்ஸில் சேர்த்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஏற்றும்போது

நௌக்ரியில் ஃபைல் 2 எம்பிக்குள் இருக்க வேண்டும். டாக், டாக்எக்ஸ், ஆர்டிஎஃப், பிடிஎஃப் ஏற்கும். ரெஸ்யூமேயை ஏற்றிவிட்டு புரொஃபைலைப் பழையபடியே விட்டுவிடாதீர்கள். எச்.ஆர். வடிகட்டுவது புரொஃபைலில் உள்ள அனுபவம், சம்பளம், ஊர், நோட்டீஸ் பீரியடை வைத்துத்தான்; ரெஸ்யூமேயில் நான்கு ஆண்டும் புரொஃபைலில் இரண்டு ஆண்டும் இருந்தால் தேடலிலேயே விழுந்துவிடுவோம். வொர்க்டே தளங்களில் ரெஸ்யூமேயை ஏற்றியதும் படிவம் தானாக நிரம்பும். அவசரமாக 'நெக்ஸ்ட்' அழுத்தாமல் ஒவ்வொரு கட்டத்தையும் பாருங்கள். எது தவறாக நிரம்பியிருக்கிறதோ, அந்த இடத்தில்தான் நம் ஃபைலில் சிக்கல்.

ஃபைல் பெயர் 'ரெஸ்யூமே ஃபைனல் 3' என்று இருக்கக் கூடாது; பெயர், பதவி, ஆண்டு போதும். பிடிஎஃப்தான் வழக்கமாக அனுப்ப வேண்டியது. கன்சல்டன்சிகள் மட்டும் வேர்டு ஃபைல் கேட்பார்கள், நம் போன் நம்பரை எடுத்துவிட்டு அவர்கள் லோகோவைப் போட்டு கம்பெனிக்கு அனுப்புவதற்காக. கொடுக்கலாம், ஆனால் எந்தக் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டு மெயிலில் பதில் வாங்கிக்கொண்ட பிறகு கொடுங்கள். இரண்டு கன்சல்டன்சி வழியாக ஒரே கம்பெனிக்கு நம் பெயர் போய்ச் சேர்ந்தால், எந்தக் கன்சல்டன்சிக்குக் கமிஷன் என்ற தகராறிலேயே சில கம்பெனிகள் அந்த விண்ணப்பத்தை ஓரம் கட்டிவிடுகின்றன.